கூட்டு விசாரணையும் குற்றச் சுபாவமும்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம்மவர் பழமொழி. முன்னே திருடியவன்தான் இப்போதும் திருடியிருப்பான், முன்னொரு நாள் கத்தியெடுத்தவன்தான் இன்றும் எடுத்திருப்பான் என்று ஊகிப்பது மனித இயல்பு. திண்ணையில் உட்கார்ந்து ஊர்விவகாரம் பேசுவோருக்கு இந்த ஊகம் போதும். நியாயஸ்தலத்துக்கு இது போதாது. ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதைக் கொண்டு அவன் இன்ன காரியத்தைச் செய்தான் என்று சர்க்கார் தரப்பார் ருசுப்படுத்தலாகாது என்பது நமது கிரிமினல் சட்டத்தின் அஸ்திவாரங்களுள் ஒன்று. இதனைக் கேள்வியுற்றோர் பலர். ஆனால் இருவர் ஒரே கூண்டில் நின்று, "நான் அல்ல, இவன்தான் செய்தான்" என்று ஒருவரையொருவர் சுட்டிக்காட்டும்போது இவ்விதியின் கதி யாதாகும் என்பதைச் சிந்தித்தோர் மிகச் சிலரே.

இக்கேள்வி வக்கீல்களுக்கு மாத்திரம் உரியதென்று நேயர்கள் எண்ண வேண்டாம். பொது வாழ்வில் ஈடுபட்டோர் தனியே கூண்டிலேறுவது அபூர்வம். ஊர்வலத்தில் கலகம் நேர்ந்தால் பத்துப் பேரும் இருபது பேரும் ஒரே குற்றப் பத்திரிகையில் சேர்க்கப்படுகின்றனர். அவர்களுள் ஒருவன் போலீஸ் தஸ்தாவேஜுகளில் பழம் புள்ளி. மற்றொருவன் அன்றுதான் முதன்முதலாகக் கோர்ட்டு வாயிற்படியை மிதித்தவன். கல்லை எறிந்தவன் இவ்விருவரில் யார் என்பதே விவாதம். பழையவனுடைய பழங்கதையைப் புதியவன் எடுத்துச் சொல்லலாமா? சொல்லலாமென்றால், பழையவனுக்குச் சட்டம் அளித்த பாதுகாப்பு எங்கே போயிற்று? சொல்லலாகாதென்றால், புதியவன் தான் நிரபராதி என்பதை எதைக்கொண்டு நிலைநாட்டுவான்? பழி ஓரிடமும் பாவம் ஓரிடமுமாகப் போகாமல் தடுக்கும் வழி யாது? இதுவே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

விதியின் வரலாறு

நமது சாட்சிய சட்டம் 1872-ஆம் வருஷத்தில் சர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கில நியாய சாஸ்திரியின் கையால் உருவாயிற்று. அதன் 54-வது பிரிவு முதலில் வகுக்கப்பட்டபோது, எதிரியின் கெட்ட நடத்தையைப் பொதுவாகப் பேசலாகாதென்று கூறியதாயினும், அவன் முன்பு தண்டனையடைந்தவன் என்ற சங்கதியைத் தாராளமாக ருசுப்படுத்த இடங்கொடுத்திருந்தது. பத்தொன்பது வருஷம் இந்நிலை நீடித்தது. 1891-ஆம் வருஷத்து 3-வது சட்டம் இதனை மாற்றிற்று. எதிரி தானே தன் நன்னடத்தைக்குச் சாட்சியம் விட்டாலன்றி, அவனுடைய துர்நடத்தை வழக்குக்குச் சம்பந்தமற்ற சங்கதி என்பது அதுமுதல் சட்டமாயிற்று. பழைய தண்டனையும் அத்துர்நடத்தையுள் அடங்கிவிட்டது. 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதீய சாக்ஷிய அதிநியமத்தில் இவ்விதி 49-வது பிரிவாக இடம் பெற்றிருக்கிறது. எண் மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை.

இவ்விதிக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பழங்குற்றம் நியாயாதிபதியின் மனத்தில் தன் தகுதிக்கு மிஞ்சிய கனத்தைப் பெற்றுவிடும். இப்போதைய சாட்சியம் நூலிழை போல் மெலிந்திருந்தாலும், "இவன் செய்யக்கூடியவன்தானே" என்ற எண்ணம் அதனை வடக்கயிறாக ஆக்கிக் காட்டும். இரண்டாவது, சர்க்காருக்கு அது எளிய குறுக்குவழியாகிவிடும். துப்புத் துலக்க வேண்டிய போலீஸார், பழங்கணக்கைப் புரட்டிப் பெயரைத் தேடுவதோடு நின்றுவிடுவர்.

இவ்வபாயம் வெறுங் கற்பனையன்று. சுபாவத்தையே குற்றமாகக் கொண்ட சட்டம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. 1871-ஆம் வருஷத்தில் முதன்முதல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் வருஷத்தில் திருத்தி வகுக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன்கீழ், இன்ன ஜாதியில் பிறந்தான் என்பதே ஒருவன் குற்றச் சுபாவமுடையவன் என்பதற்குப் போதிய ருசுவாயிற்று. கைரேகை வைப்பதும், ஊரை விட்டுப் போகுமுன் அநுமதி கேட்பதும் பிறப்பின் கடமைகளாயின. இதனை எதிர்த்து நின்றவர்கள்மீது 1920-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி, உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டதில், பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். சென்னையில் 1947-ஆம் வருஷத்திலும், தேசம் முழுமைக்கும் 1952-ஆம் வருஷத்திலும் அச்சட்டம் ஒழிந்தது. சுபாவத்தைக் கொண்டு தண்டிக்கும் அதிகாரத்தைச் சர்க்காரிடம் கொடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆகவே 49-வது பிரிவு சர்க்காருக்கு விரோதமாக எழுப்பப்பட்ட மதில். அதில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க நாம் சம்மதியோம்.

விதிக்கு விலக்கு

மதிலுக்கு வாயில் ஒன்று உண்டு. அவ்வாயிலைத் திட்டமாக வகுத்தது ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கூட்டு விசாரணை. ஸிட்னி நகரத்தில் மேக்கின் என்பவரும் அவர் மனைவியும், விவாகமாகாத தாய்மாரிடமிருந்து சிறு தொகை வாங்கிக்கொண்டு சிசுக்களை வளர்ப்பதாக ஏற்று வந்தனர். 1892-ஆம் வருஷத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் கொல்லையில் சிசுக்களின் பிரேதங்கள் புதைக்கப்பட்டிருக்கக் கண்டனர். முன்பு குடியிருந்த வீடுகளைத் தோண்டிப் பார்த்தபோது அங்கும் அவ்வாறே இருந்தது. ஒரு சிசுவைக் கொன்றதாகவே புருஷனும் மனைவியும் கூட்டாக விசாரிக்கப்பட்டனர். மற்றச் சிசுக்களின் கதையைச் சொல்லலாமா என்பது கேள்வி.

பிரிவி கவுன்ஸிலில் லார்ட் ஹெர்ஷல் கூறிய முடிவின் சாரம் இது: எதிரி இத்தகைய குற்றம் செய்யக்கூடிய சுபாவமுடையவன் என்று காட்டுவதற்காக மட்டும் வேறு குற்றங்களை ருசுப்படுத்தலாகாது. ஆனால் நேர்ந்தது தற்செயலா, திட்டமிட்ட செயலா என்பது போன்ற விவாத சங்கதியை அவை விளக்குமாயின், அவற்றை ஏற்கலாம். ஒரு வீட்டில் ஒரு குழந்தை இறப்பது துரதிருஷ்டம். வாடகைக்குப் புகுந்த வீடுதோறும் கொல்லையில் பிரேதம் புதைந்திருப்பது துரதிருஷ்டமாக இருக்க முடியாதென்பதே அதன் தத்துவம். அவ்வழக்கின் சோகம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மேக்கின் 1893-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். உலகெங்கும் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் அத்தீர்ப்பின் காரணங்கள் அவ்வருஷம் டிஸம்பர் மாதத்தில்தான் வெளியாயின.

நமது பழைய சாட்சிய சட்டத்தின் 15-வது பிரிவும் இதே கருத்துடையது. வீடு மாற்றி வீடு இன்ஷ்யூர் செய்து, ஒவ்வொரு வீடும் தீப்பற்றி, ஒவ்வொரு முறையும் பணம் பெற்றவனுடைய உதாரணத்தை அப்பிரிவிலேயே காணலாம்.

இதுவரை சொன்னவற்றில் தரப்புகள் இரண்டே. ஒரு பக்கம் சர்க்கார், மறு பக்கம் எதிரி. மேக்கின் தம்பதிகள் ஒருவர்மீது ஒருவர் பழி போட்டுக்கொள்ளாமல் ஒரே எதிர்வாதம் செய்தபடியால், அவர்களும் ஒரு தரப்பாகவே நின்றனர். எதிரிகளுக்குள்ளேயே பகை மூண்டால் மூன்றாவது தரப்பு ஒன்று தோன்றுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மூன்றாவது தரப்பு

1971-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ராஜ்யத்தில் ஹாமில்டன் என்னும் ஊருக்கருகில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொலையுண்டாள். அவ்விடத்திலிருந்தவர் இரண்டு வாலிபரேயன்றி வேறொருவருமில்லை. கொலைக்குக் காரணமென்று சொல்லத்தக்க பகையோ லாபமோ இல்லை. குரூரத்தில் இன்பம் காண்பதே காரணம். இருவரும் ஒரே விசாரணையில் நின்று, கொன்றவன் மற்றவனே என்றனர். லோவரி என்பவர் தாம் அத்தகைய இயல்புடையவரல்லர் என்றும், மற்றவனைத் தடுக்க முயன்றதாகவும் கூறினார். இரண்டாமவர் ஒரு மனோதத்துவ நிபுணரைச் சாட்சியாக அழைத்தார். இருவரையும் பரீக்ஷித்த அந்நிபுணர், இரண்டாமவர் பிறர் சொற்படி நடக்கும் இயல்பினர் என்றும், லோவரி ஆதிக்க சுபாவமும் முரட்டுத்தனமும் மிகுந்தவர் என்றும் சொன்னார்.

இச்சாட்சியத்தைச் சர்க்கார் தரப்பார் கொண்டுவந்திருந்தால் ஜட்ஜ் ஒரு நிமிஷத்தில் நிராகரித்திருப்பார். எதிரியே கொண்டுவந்தபடியால் அது ஏற்கப்பட்டது. இருவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. லோவரியின் அப்பீலைப் பிரிவி கவுன்ஸிலார் 1973-ஆம் வருஷத்தில் தள்ளினர். ஒருவன் குற்றவாளியென்று நிலைநாட்டச் சர்க்கார் சுபாவத்தைக் காட்டுவது வேறு. தான் குற்றவாளியல்லன் என்று நிலைநாட்ட ஓர் எதிரி மற்றவனுடைய சுபாவத்தைக் காட்டுவது வேறு என்னும் பேதத்தையே அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர். பின்னர் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டார் வேறொரு வழக்கில், லோவரி தீர்ப்பு அதன் விசேஷ சங்கதிகளைப் பொறுத்ததென்றும், மனோதத்துவ நிபுணர்களை எல்லா வழக்குக்கும் அழைக்க அது உத்தரவுச் சீட்டாகாதென்றும் எச்சரித்தனர். ஆயினும் மேற்சொன்ன பேதம் நிலைத்து நின்றது.

இப்பேதத்தைத் தெளிவாக்கியது ராண்டால் வழக்கு. இங்கிலாந்தில் இருவர் ஒரு கொலைக்காகக் கூட்டாக விசாரிக்கப்பட்டனர். தாக்கியது மற்றவனே என்பது இருவருடைய வாதமும். எதிரி சாட்சிக் கூண்டேறித் தன்னுடன் விசாரிக்கப்படுவோனுக்கு விரோதமாகச் சொன்னால், அவனுடைய பழைய நடத்தையைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாமென்பது 1898-ஆம் வருஷத்திலிருந்து அந்நாட்டுச் சட்டம். அவ்வாறே இருவருடைய பழங்கணக்கும் வெளிவந்தது. ராண்டாலின் கணக்கு அற்பம். மற்றவருடையதோ நீண்டது, கொலை நடந்த நாளில் அவர் ஒரு கொள்ளை விஷயமாகப் போலீஸாருக்குத் தப்பி ஒளிந்து திரிந்தவர். ஜட்ஜ் ஜூரர்களை நோக்கி, "இப்பழங்கதையை இவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்க உபயோகிக்கலாம், தாக்கியவர் யார் என்று பார்க்க உபயோகிக்கலாகாது" என்ற பொருள்படக் கூறினார். மற்றவர் விடுதலையடைந்தார். ராண்டால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டனையடைந்தார்.

அப்பீல் கோர்ட்டார் அத்தீர்ப்பை ரத்து செய்தனர். சர்க்கார் தரப்பார் மேலே போயினர். 2003-ஆம் வருஷம் டிஸம்பர் 18-ந் தேதி பிரபுக்கள் சபையார் அவர்களுடைய அப்பீலைத் தள்ளிவிட்டனர். இருவரில் ஒருவர்தான் தாக்கியிருக்க வேண்டுமென்னும்போது, பலாத்காரத்தில் பழகியவர் யார் என்பது ராண்டாலின் எதிர்வாதத்துக்கு நேரே சம்பந்தப்பட்ட சங்கதி. அதனை அவரிடமிருந்து பறிப்பது அநியாயம் என்பது லார்ட் ஸ்டெயின் கூறிய முடிவு. இதில் நாம் பூரணமாக உடன்படுகிறோம். சர்க்காரின் வாளைத் தடுக்கக் கொடுத்த கேடயத்தை, பக்கத்தில் நிற்கும் நிரபராதியின் கண்ணை மறைக்க உபயோகிக்கலாகாது.

நாம் உடன்படாத இடம்

ஆனால் அத்தீர்ப்பில் பின்னும் ஒரு வாசகம் உண்டு. இத்தகைய சாட்சியம் ஒருமுறை வந்துவிட்டால், பழங்குற்றமுடையவனுக்கு விரோதமான வழக்கை ஆலோசிக்கும்போது அதனை மறந்துவிடும்படி ஜூரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றும், அவ்விதம் சொல்வது அவர்களை வீணே குழப்பும் என்றும் லார்ட் ஸ்டெயின் கூறினார். இங்கே நாம் விலகுகிறோம். முன்வாயிலில் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்ட சர்க்கார், பின்வாயிலில் இன்னோர் எதிரியின் தோளில் ஏறிக்கொண்டு நுழைய இது இடந்தருகிறது. சர்க்கார் வக்கீல் கைகட்டி உட்கார்ந்திருக்க, அவர் செய்யக்கூடாத வேலையை எதிரி நம்பர் இரண்டின் வக்கீல் செய்து கொடுத்துவிடுவார்.

இதன் கொடுமை யாரைத் தாக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். பணமுள்ள ஒருவன் கூலிக்கு ஆள் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் நடந்தேறுகிறது. இருவரும் கூண்டிலேறுகின்றனர். பணக்காரனுடைய நடத்தைப் பத்திரிகை வெள்ளைக் காகிதம். கூலிக்காரன் மூன்று முறை ஜெயிலுக்குப் போனவன். பணக்காரனுடைய கெட்டிக்கார வக்கீல் அம்மூன்று தண்டனைகளையும் வரிசையாக எடுத்துப் படித்தால் என்ன ஆகும்? கூலிக்காரன் செய்யாததற்கும் அவன் தலையே உருளும். ஆகையால் நிரபராதியைக் காக்க வந்த விதி, சூத்திரதாரியைக் காக்கும் விதியாக மாறாதிருக்கும்படி அதற்கு எல்லை வகுப்பது அவசியம்.

எல்லை வகுப்பது அசாத்தியமா? லார்ட் ஸ்டெயின் காட்டிய காரணம் ஜூரர்களின் குழப்பம் ஒன்றே. நம் நாட்டுக் கிரிமினல் வழக்குகளில் ஜூரி இல்லை. 1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடமில்லாமற் போயிற்று. இங்கே சட்டம் பயின்ற ஜட்ஜ் சங்கதிகளையும் தீர்மானிக்கிறார். தம் காரணங்களைத் தீர்ப்பில் எழுதவும் கடமைப்பட்டிருக்கிறார். எந்தச் சாட்சியத்தை யாருக்காக, எவ்வளவுக்கு எடுத்துக்கொண்டார் என்பதை அவர் எழுதினால், மேல் கோர்ட்டார் அதனைப் பரிசோதிக்கலாம். ஆகவே இங்கிலாந்தில் அசௌகரியமென்று கைவிடப்பட்ட பாதுகாப்பை நாம் இங்கே தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலை

நமது 49-வது பிரிவை நேயர்கள் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். எதிரியின் துர்நடத்தை சம்பந்தமற்றது என்று அது சொல்லுகிறது. யார் கொண்டுவந்தால் சம்பந்தமற்றது என்று அது சொல்லவில்லை. சர்க்கார் தரப்பு, கூட்டு எதிரி என்னும் பேதமே அதில் காணோம். எழுத்தின்படி கொண்டால், ராண்டாலுக்குத் திறந்த கதவு நம் நாட்டு ராண்டாலுக்கு மூடியே கிடக்கும்.

நம் சட்டசபையார் இப்பேதத்தை அறியாதவரல்லர். 1988-ஆம் வருஷத்து லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவைப் பார்க்க. லஞ்ச வழக்கில் எதிரி சாட்சியாகக் கூண்டேறினால் அவனது பழைய நடத்தையைப் பற்றிக் கேட்கலாகாது; ஆனால் அதே குற்றம் சாட்டப்பட்ட வேறொருவனுக்கு விரோதமாக அவன் சாட்சியம் சொன்னால் கேட்கலாம் என்று அங்கே தெளிவாக விதித்திருக்கின்றனர். உத்தியோகம் போகும் வழக்கில் தெளிவாகச் சொன்னதை, உயிர் போகும் வழக்கில் சொல்லாமல் விட்டது விசித்திரமன்றோ?

விசித்திரம் இதோடு நிற்கவில்லை. 1980-ஆம் வருஷத்துப் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், மரண தண்டனை விதியாமைக்குரிய காரணங்களுள் ஒன்றாக, எதிரி மற்றொருவனுடைய நிர்ப்பந்தத்துக்கோ ஆதிக்கத்துக்கோ உட்பட்டு நடந்தான் என்பதையும் மதித்தனர். ஆகவே குற்றவாளியென்று தீர்ப்பான பிறகு, "அவன் முரடன், நான் அவன் பிடியில் இருந்தேன்" என்று ஒருவன் தன் உயிருக்காக மன்றாடலாம். தீர்ப்புக்கு முன்பு, தான் குற்றமே செய்யவில்லையென்று காட்ட அதே முரட்டுத்தனத்தை ருசுப்படுத்த அவனுக்குத் தெளிவான உரிமை இல்லை. கழுத்தில் கயிறு விழுந்த பின் பேச வாய் கொடுத்து, விழுமுன் வாயைப் பொத்துவது என்ன நியாயம்?

கூட்டு விசாரணையின் அபாயங்கள் பெருகியுமிருக்கின்றன. இருவர் கூட்டாக விசாரிக்கப்படுகையில், ஒருவன் தன்னையும் பிறனையும் சம்பந்தப்படுத்திச் செய்த குற்ற ஒப்புதலைப் பிறனுக்கு விரோதமாகவும் கோர்ட்டார் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளலாமென்பது பழைய சட்டத்தின் 30-வது பிரிவு. புதிய சட்டத்தில் 24-வது பிரிவாக அமைந்த இதனோடு ஒரு விளக்கத்தைச் சேர்த்திருக்கின்றனர். அதன்படி, தலைமறைவான எதிரியை விட்டுவிட்டு நடத்தும் விசாரணையும் கூட்டு விசாரணையாகவே கருதப்படும். கண்ணுக்கெதிரே இல்லாதவனுடைய வார்த்தை, கூண்டில் நிற்பவனைப் பற்றிக்கொள்ளலாம் என்பதாயிற்று.

ஆயினும் அந்த 30-வது பிரிவின் வரலாற்றிலேயே நமக்கு வழிகாட்டியும் கிடைக்கிறது. 1949-ஆம் வருஷத்தில் புவனி சாகு வழக்கில் பிரிவி கவுன்ஸிலார், கூட்டு எதிரியின் ஒப்புதல் மிகப் பலவீனமான சரக்கு என்றனர். அது சத்தியத்தின் மேல் சொன்னதன்று. குறுக்கு விசாரணையால் சோதிக்கப்பட்டதுமன்று. 1952-ஆம் வருஷத்தில் காஷ்மீரா சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அதனைக் கையாளும் முறையையும் வகுத்தனர். முதலில் அவ்வொப்புதலை அப்புறப்படுத்திவிட்டு, மற்றச் சாட்சியத்தை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதுவே குற்றத்தை ருசுப்படுத்தப் போதுமானால், மனத்தின் உறுதிக்காக ஒப்புதலைத் துணையாகக் கொள்ளலாம். போதாதென்றால், ஒப்புதலைக் கொண்டு ஓட்டையை அடைக்கலாகாது. 1964-ஆம் வருஷத்தில் ஹரிசரண் குர்மி வழக்கிலும் இம்முறையே உறுதியாயிற்று.

செய்யத்தக்கது யாது?

இந்தத் தராசையே குற்றச் சுபாவ சாட்சியத்துக்கும் உபயோகிக்க வேண்டுமென்பது நமது கருத்து. அதாவது, ஜட்ஜ் இரண்டு முறை நிறுக்க வேண்டும். பழங்குற்றமுடையவனுடைய வழக்கை நிறுக்கும்போது, அவனுடைய பழங்கதையைத் தட்டிலிருந்து முற்றும் எடுத்துவிட வேண்டும். எஞ்சிய சாட்சியத்தால் குற்றம் ருசுவானால் தண்டனை, இல்லையேல் விடுதலை. அடுத்தவனுடைய வழக்கை நிறுக்கும்போது, அப்பழங்கதையைத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் அவன் செய்திருக்கமாட்டான் என்று நியாயமான சந்தேகம் தோன்றினால் அவனை விட்டுவிட வேண்டும்.

இதனால் சில சமயம் இருவரும் விடுதலையாகலாமே என்று கேட்பார்கள். ஆகலாம். இருவரில் ஒருவன் கொன்றான் என்பது நிச்சயமாயிருந்தும் இன்னவன் என்று ருசுப்படாதபோது, இருவரையும் விடுவதுதான் சட்டம்; யாரையேனும் ஒருவனைப் பொறுக்கியெடுத்துத் தண்டிப்பது சட்டமன்று. அத்தகைய வழக்குகளில் தோற்றது சர்க்காரின் துப்பறியும் திறமையே.

இதற்கு மூன்று நிபந்தனைகளும் வேண்டும். முதலாவது, பழங்குற்றத்தைக் காட்டும் உரிமை கூட்டு எதிரிக்கு மட்டுமே உண்டு. சர்க்கார் தரப்பார் அதைத் தொடவுங் கூடாது. 2003-ஆம் வருஷத்து இங்கிலாந்துச் சட்டத்தில் எதிரிகளுக்கிடையேயுள்ள முக்கிய விவாதத்துக்காக ஏற்கப்படும் இவ்வகைச் சாட்சியத்தைக் கூட்டு எதிரியே கொண்டுவர வேண்டுமென்று விதித்திருக்கின்றனர். அது நல்ல விதி. ஆனால் அதே சட்டம் வேறொரு ஷரத்தினால், சுபாவத்தைக் காட்டச் சர்க்காருக்கும் வாயிலைத் திறந்துவிட்டது. அதனை நாம் பின்பற்றலாகாது. இரண்டாவது, காட்டப்படுவது கோர்ட்டில் ருசுவான தண்டனையாகவும், இப்போதைய விவாதத்தோடு நேரான சம்பந்தமுடையதாகவும் இருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்த ரௌடிப் பட்டியலும், ஊர்வதந்தியும், நிலுவையிலுள்ள வழக்கும் உதவா. அடிதடி வழக்கில் பழைய மதுவிலக்குத் தண்டனையைப் படித்துக் காட்டுவது நியாயமல்ல, தூஷணை. மூன்றாவது, எதிரிகள் மெய்யாகவே ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் நிலை இருக்க வேண்டும்.

இந்நிபந்தனைகளால் தீராத சிக்கல் நேருமாயின் வேறொரு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. பழைய நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவும், இப்போதைய பாரதீய நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 246-வது பிரிவும், பலரைக் கூட்டாக விசாரிக்கலாம் என்கின்றனவேயன்றி, விசாரித்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. விசாரணையைப் பிரித்துவிட்டால், பழங்குற்றமுடையவன் தன் விசாரணையில் சட்டத்தின் முழு நிழலிலும் நிற்பான். அடுத்தவன் தன் விசாரணையில், அங்கே எதிரியாக நில்லாத மற்றவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவான். சாட்சிகள் இரண்டு முறை கூண்டேற வேண்டும். செலவும் காலமும் கூடும். இரண்டு தீர்ப்பும் முரண்படவும் கூடும். இவை உண்மையான கஷ்டங்களே. ஆனால் கோர்ட்டின் சௌகரியத்துக்காக ஒரு மனிதனுடைய எதிர்வாதத்தைச் சுருக்குவதைவிட இக்கஷ்டங்களைச் சகிப்பதே மேல்.

இவை யாவும் ஜட்ஜுகளின் தயவில் நிற்கத் தக்கவையல்ல. 49-வது பிரிவுடன் ஒரு விளக்கத்தைச் சேர்ப்பது பார்லிமெண்டுக்கு அரைமணி நேர வேலை. சுமார் 150 வருஷத்துச் சட்டத்தைப் புதுப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டவர்கள், 24-வது பிரிவில் சர்க்காருக்கு அனுகூலமான விளக்கத்தைச் சேர்க்க நேரங் கண்டனர். எதிரிக்கு அனுகூலமான விளக்கத்தைச் சேர்க்க ஏன் நேரமில்லை என்பதைத் தேசபக்தர்களும், வக்கீல் சங்கங்களும், சட்டசபை அங்கத்தினர்களும் கேட்க வேண்டும். கலவர வழக்குகளில் சிக்கும் தொண்டர்களுக்கும், அவர்களுக்காக வாதாடும் வாலிப வக்கீல்களுக்கும் நாம் சொல்வது ஒன்று. குற்றப்பத்திரிகை கையில் வந்த அன்றே, கூட்டு விசாரணையால் யாருக்கு என்ன தீங்கு நேரும் என்று யோசியுங்கள். பிரிக்க வேண்டுமானால் அப்போதே மனுக் கொடுங்கள். சாட்சி விசாரணை முடிந்தபின் எழுப்பும் ஆட்சேபம், வெள்ளம் வந்தபின் போடும் அணை.